பொம்மைக் கடையும் கதைப் பட்டறையும்

பொம்மை முதலில் பிறக்க வேண்டுமா, கதை முதலில் பிறக்க வேண்டுமா? கோழியா முட்டையா என்பதைப் போன்ற வேடிக்கைக் கேள்வியாக இது தோன்றலாம். ஆனால், 2014-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குப் பில்லியன் கணக்கில் விலை பேசப்பட்டது. உலகின் முன்னணிப் பொம்மை நிறுவனங்களுள் ஒன்றான ஹாஸ்பிரோ, ‘ஷ்ரெக்’, ‘மடகாஸ்கர்’, ‘குங்ஃபூ பாண்டா’ ஆகிய படங்களைத் தந்த டிரீம்வொர்க்ஸ் அனிமேஷன் நிறுவனத்தை வாங்குவதற்குப் பேச்சு நடத்துகிறது என்ற செய்தி அம்மாத நடுவில் பரவியது. ஒரு வாரம் ஆவதற்குள், பேச்சு முறிந்துவிட்டது என்ற செய்தியும் வந்து சேர்ந்தது.

நடக்காமல் போன ஒரு கல்யாணத்தைப் பற்றி இத்தனை ஆண்டுகள் கழித்து ஏன் பேச வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அன்று கைகூடாத ஆசையை ஹாஸ்பிரோ பின்னர் வேறு வழிகளில் நிறைவேற்றிக்கொண்டது. அதன் விளைவையும் கண்டுவிட்டது. ஆகவே, அன்று ஊகமாக மட்டுமே பேச முடிந்த ஒன்றை இன்று நடந்தவற்றை வைத்து எடைபோட முடிகிறது. அதைவிட முக்கியமான காரணம், இது குழந்தைகளின் கதைகளைப் பற்றியது. இன்று பல்கலைக்கழகத்தில் பயிலும் நம்மில் பெரும்பாலோர் பாட்டி சொன்ன கதைகளைவிடத் தொலைக்காட்சி சொன்ன கதைகளையே அதிகம் கேட்டு வளர்ந்தவர்கள். அந்தக் கதைகளை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது நமக்குத் தொடர்பில்லாத வணிகச் செய்தி ஆகாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொம்மை நிறுவனம் கதைக்கு வாடிக்கையாளராக இருக்கலாம். முதலாளியாக இருக்கக் கூடாது.

ஏன் இந்தப் பேரம்?

இரு தரப்புக்கும் இதில் தேவை இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், ஜெஃப்ரி கட்சென்பெர்க், டேவிட் கெஃபன் ஆகிய மூவர் 1994-இல் தொடங்கிய டிரீம்வொர்க்ஸ் நிறுவனத்தின் அசைவூட்டப் பிரிவு, 2004-இல் தனி நிறுவனமாகப் பங்குச் சந்தைக்கு வந்தது. சிறந்த அசைவூட்டப் படத்திற்கென ஆஸ்கார் விருது ஏற்படுத்தப்பட்டபோது அதை முதன்முதலில் வென்ற படம் அதன் ‘ஷ்ரெக்’தான். ஆயினும், ஆண்டுக்கு இரண்டு மூன்று படங்களை மட்டுமே நம்பி வாழும் தனி நிறுவனத்துக்கு ஒரு படம் சறுக்கினாலும் இடுப்பு ஒடிந்துவிடும். அக்காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் நூறு மில்லியன் டாலருக்கு மேல் செலவாயிற்று. 2012-இல் ‘ரைஸ் ஆஃப் தி கார்டியன்ஸ்’, 2013-இல் ‘டர்போ’, 2014-இல் ‘மிஸ்டர் பீபாடி அண்ட் ஷெர்மன்’ என அடுத்தடுத்து வந்த படங்கள் நட்டக் கணக்கில் ஏறின. ஹாஸ்பிரோவுக்கு முன்பே, அதே 2014-இல் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் நிறுவனத்துடனும் பேச்சு நடந்து நின்றுபோயிருந்தது.

ஹாஸ்பிரோவின் தேவை வேறு வகையானது. ஸ்டார் வார்ஸ், மார்வெல் முதலிய பாத்திரங்களின் பொம்மைகளை அது செய்து விற்கிறது. ஆனால், அப்பாத்திரங்கள் அதற்குச் சொந்தமானவை அல்ல. விற்கும் ஒவ்வொரு பொம்மைக்கும் உரிமையாளருக்கு உரிமத்தொகை கட்ட வேண்டும். உரிமம் எந்நாளும் கைமாறலாம். 2014 செப்டம்பரில்தான் டிஸ்னி இளவரசிகள், ‘ஃபுரோசன்’ ஆகியவற்றின் பொம்மை உரிமத்தை மேட்டல் நிறுவனத்திடமிருந்து டிஸ்னி எடுத்து, 2016 முதல் ஹாஸ்பிரோவுக்கு என்று அறிவித்திருந்தது. இன்று மேட்டலுக்கு நேர்ந்தது நாளை தனக்கும் நேரலாம் என்பது ஹாஸ்பிரோவுக்குத் தெரியாதா? வாடகை வீட்டில் இருப்பவர் சொந்த வீட்டுக்கு ஆசைப்படுவதைப் போன்றதுதான் இது. மேலும், டிஸ்கவரியுடன் கூட்டாக அது நடத்திவந்த ‘தி ஹப்’ என்ற குழந்தைகள் அலைவரிசையின் பெரும்பங்கு அந்த அக்டோபரில்தான் டிஸ்கவரியின் கைக்குப் போயிருந்தது. கதை சொல்வதற்குப் புதிய வாய் தேவைப்பட்டது.

ஆனாலும் பேரம் ஏன் முறிந்தது? செய்தி வெளியானதும் டிரீம்வொர்க்ஸின் பங்கு விலை ஏறியது. ஹாஸ்பிரோவின் பங்கு விலை இறங்கியது. விலையில் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை என்றும், போட்டிப் படக்கூடத்தை வாங்கினால் டிஸ்னியின் மனம் கோணுமே என்ற அச்சம் இருந்தது என்றும் அவ்வேளையில் செய்திகள் கூறின. கதையின் நலன் கருதி யாரும் பின்வாங்கவில்லை. இரு பக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கணக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

பொம்மைக்காகப் பிறந்த கதைகள்

பொம்மை நிறுவனம் கதையை ஆண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே பழைய சான்றுகள் உண்டு. 1969-இல் மேட்டலின் ‘ஹாட் வீல்ஸ்’ கார்களை வைத்து ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தபோது, இது நிகழ்ச்சி அன்று, அரைமணி நேர விளம்பரம் என்று போட்டி நிறுவனம் ஒன்று முறையிட்டது. அந்நாட்டின் ஒலிபரப்புத் துறையை மேற்பார்வையிடும் ஆணையமும் அம்முறையீட்டில் நியாயம் கண்டது. ஆனால், 1980-களில் காற்று திசை மாறியது. 1984-இல் ஆணையம் குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கான விளம்பரக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. ‘ஹீ-மேன்’, ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’, ‘ஜி.ஐ. ஜோ’ என்று பொம்மைகளுக்காகவே எழுதப்பட்ட தொடர்கள் வரிசைகட்டி வந்தன. 1990-இல்தான் குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டம் இயற்றப்பட்டு விளம்பர நேரத்துக்கு மீண்டும் வரம்பு விதிக்கப்பட்டது.

இவற்றுள் டிரான்ஸ்ஃபார்மர்ஸின் வரலாறு நாம் அறிந்துகொள்ள வேண்டியது. ஜப்பானின் டக்காரா நிறுவனம் செய்துவந்த உருமாறும் இயந்திரப் பொம்மைகளின் உரிமையை ஹாஸ்பிரோ பெற்றது. அவற்றுக்குப் பெயரும் குணமும் பகையும் நட்பும் எழுதித் தந்தவர்கள் மார்வெல் நிறுவனத்து எழுத்தாளர்கள். 1984-இல் பொம்மையும் தொடரும் சேர்ந்தே வெளிவந்தன. 1986-இல் முழுநீள அசைவூட்டப் படம் வந்தது. அதில் தலைவன் ஆப்டிமஸ் பிரைம் இறந்துபோகிறான். அவனோடு பழைய வீரர்கள் பலரும் மடிகிறார்கள். ஏன் தெரியுமா? கதைக்கு அந்த மரணம் தேவைப்பட்டதால் அன்று. கடைகளில் பழைய பொம்மைகளை எடுத்துவிட்டுப் புதிய பொம்மைகளை அடுக்க வேண்டியிருந்தது. அதனால் பழையவர்கள் சாக வேண்டியதாயிற்று.

திரையரங்கில் குழந்தைகள் அழுதார்கள். தங்களுக்குத் தந்தையைப் போல் இருந்த ஒருவனை இழந்துவிட்டதாக அவர்கள் கருதுவார்கள் என்பது பொம்மை விற்றவர்களுக்குத் தோன்றவே இல்லை. எதிர்ப்பைக் கண்டபின் ஆப்டிமஸ் பிரைமை 1987-இல் உயிர்ப்பித்துக் கொண்டுவந்தார்கள். அடுத்து வந்த ஜி.ஐ. ஜோ படத்தில், இறப்பதாக எழுதப்பட்டிருந்த டியூக் என்ற வீரனை மயக்கத்தில் கிடப்பதாக வசனத்தால் மாற்றிப் பிழைக்க வைத்தார்கள். கொன்றதும் விற்பனைக்காக, பிழைக்க வைத்ததும் விற்பனைக்காக. பாத்திரத்தின் உயிர் கடை அலமாரியின் கையில் இருந்தது. நான் அஞ்சுவது இதைத்தான்.

இது பழங்கதை, இன்று அப்படி நடக்காது என்று சொல்லிவிட முடியுமா? 2010-இல் தொடங்கிய ‘யங் ஜஸ்டிஸ்’ என்ற தொடர் நல்ல பெயர் பெற்றிருந்தும் 2013-இல் நிறுத்தப்பட்டது. தொடரின் செலவில் ஒரு பகுதி மேட்டலின் பொம்மை ஒப்பந்தத்திலிருந்து வந்தது. பொம்மைகள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. பணம் நின்றது, தொடரும் நின்றது என்று அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான கிரெக் வைஸ்மன் பின்னர் விளக்கினார். பார்ப்பவர்கள் இருந்தார்கள், வாங்குபவர்கள்தான் இல்லை. ரசிகர்களின் விடாத வேண்டுகோளுக்குப் பின் 2019-இல்தான் அத்தொடர் மீண்டும் வந்தது.

கதை முன்னே, பொம்மை பின்னே

இதற்கு நேர் எதிரான சான்று ‘டாய் ஸ்டோரி’. முழுவதும் கணினியால் உருவான முதல் முழுநீளத் திரைப்படமான இது 1995-இல் வெளிவந்தது. பொம்மைகளைப் பற்றிய இந்தப் படத்தைப் பொம்மை நிறுவனங்கள் கொண்டாடி வரவேற்றிருக்கும் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. பார்பியைப் படத்தில் பயன்படுத்தப் பிக்சார் கேட்டபோது மேட்டல் மறுத்துவிட்டது. ஜி.ஐ. ஜோ பொம்மை வெடித்துச் சிதறுவதாக ஒரு காட்சி இருந்ததால் ஹாஸ்பிரோ அதற்கு இசையவில்லை. உருளைக்கிழங்குத் தலையருக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. படத்தின் நாயகர்களான வூடி, பஸ் லைட்இயர் ஆகியோரின் பொம்மைகளைச் செய்யப் பெரிய நிறுவனங்கள் முன்வரவில்லை. கனடாவைச் சேர்ந்த திங்க்வே என்ற சிறு நிறுவனமே துணிந்து இறங்கியது. அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்குக் கடைகளில் அந்தப் பொம்மைகள் போதாமல் போயின. 1999-இல் இரண்டாம் பாகம் வந்தபோது பார்பியும் படத்தில் இருந்தாள்!

இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. எந்தப் பொம்மை நாளை குழந்தையின் மனத்தைப் பிடிக்கும் என்பதைப் பொம்மை நிறுவனத்தாலேயே முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. 1995-இல் படக்கூடத்தின் சாவி பொம்மை நிறுவனத்தின் கையில் இருந்திருந்தால், ‘டாய் ஸ்டோரி’ என்ற படம் காகிதத்தோடு நின்றிருக்கலாம். அந்தப் பொம்மைகளும் பிறந்திருக்கமாட்டா.

மறுப்பவர் சொல்வது

என் வாதத்தை மறுப்பவர்களுக்கும் வலுவான சான்றுகள் உண்டு. பொம்மையிலிருந்து நல்ல கதை பிறந்ததே இல்லையா? பிறந்திருக்கிறது. 2010-இல் ஹாஸ்பிரோவின் சொந்தப் படப்பிரிவு தயாரித்த ‘மை லிட்டில் போனி’ தொடர், லாரன் ஃபாஸ்ட் என்ற படைப்பாளியின் கைவண்ணத்தால் பெரியவர்களையும் கவர்ந்தது. 2014-இல் வந்த ‘தி லெகோ மூவி’, பொம்மைக் கட்டைகளை வைத்து, வகுத்த வழியில் மட்டும் விளையாடாதே என்று குழந்தைகளுக்கே சொன்னது. 2023-இல் ‘பார்பி’ திரைப்படம் உலகெங்கும் 1.4 பில்லியன் டாலருக்கு மேல் வசூலித்தது.

ஆனால், இவற்றுள் கடைசி இரண்டையும் சற்றுக் கூர்ந்து பாருங்கள். ‘தி லெகோ மூவி’, ‘பார்பி’ ஆகிய இரண்டும் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் படங்கள். லெகோவும் மேட்டலும் தத்தம் பொம்மையைப் பயன்படுத்த இசைவு தந்து, கதையைப் படைப்பாளிகளிடம் ஒப்படைத்தன. தங்களைக் கேலி செய்யும் காட்சிகளையும் பொறுத்துக்கொண்டன. பொம்மை நிறுவனங்களின் மிகப் பெரிய திரை வெற்றிகளுள் இரண்டு, படக்கூடத்தை விலைக்கு வாங்காமலேயே கிடைத்தவை. ‘மை லிட்டில் போனி’ விதிவிலக்கு என்பதை ஏற்கிறேன். விதிவிலக்கை நம்பிச் சட்டம் எழுத முடியாது.

இன்னொரு மறுப்பும் உண்டு. டிஸ்னியும் யூனிவர்சலும் மட்டும் என்ன தருமச் சத்திரமா நடத்துகின்றன? அவையும் பொம்மை விற்பவைதாமே? உண்மைதான். தனித்து நின்ற டிரீம்வொர்க்ஸும் புனிதமாக நடந்துகொள்ளவில்லை. பேரம் முறிந்த இரண்டே மாதங்களில், 2015 ஜனவரியில், சுமார் 500 பேரை வேலையிலிருந்து நீக்கியது. கலிபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில் இருந்த, ‘ஷ்ரெக்’ உருவான படக்கூடத்தையே மூடியது. 2016-இல் காம்காஸ்ட் குழுமத்தைச் சேர்ந்த என்பிசி யூனிவர்சல் அதை 3.8 பில்லியன் டாலருக்கு வாங்கியது. எனினும், ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. திரைப்பட நிறுவனம் கதை ஓடினால்தான் பிழைக்கும். அதற்குப் பொம்மை உபரி வருவாய். பொம்மை நிறுவனத்துக்கோ பொம்மைதான் சோறு, கதை ஊறுகாய். 2024-இல் அதே டிரீம்வொர்க்ஸிடமிருந்து வந்த ‘தி வைல்ட் ரோபோட்’, ஒரு சிறுவர் நூலிலிருந்து பிறந்த படம். ஓர் இயந்திரம் வாத்துக் குஞ்சு ஒன்றை வளர்க்கும் கதை அது. மூன்று ஆஸ்கார் பரிந்துரைகளையும் பெற்றது. எத்தனை பொம்மை விற்கும் என்பதை முதல் கேள்வியாக வைக்கும் இடத்தில் இப்படி ஒரு படம் எளிதில் தப்பி வந்திருக்குமா என்பது ஐயமே.

வாங்கிய பின் நடந்தது

ஹாஸ்பிரோவின் ஆசை 2014-உடன் அடங்கிவிடவில்லை. 2016-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள போல்டர் மீடியா என்ற அசைவூட்டப் படக்கூடத்தை வாங்கியது. 2019-இல் ‘பெப்பா பிக்’, ‘பிஜே மாஸ்க்ஸ்’ ஆகியவற்றைக் கையில் வைத்திருந்த என்டர்டெயின்மென்ட் ஒன் நிறுவனத்தைச் சுமார் 4 பில்லியன் டாலருக்கு வாங்கியது. முடிவு என்ன? போல்டர் மீடியா 2022-இல் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. என்டர்டெயின்மென்ட் ஒன்னின் இசைப் பிரிவு 2021-இல் விற்கப்பட்டது. திரைப்பட, தொலைக்காட்சிப் பிரிவு 2023-இல் சுமார் 500 மில்லியன் டாலர் மதிப்பில் லயன்ஸ்கேட்டுக்கு விற்கப்பட்டது. ‘பெப்பா பிக்’ போன்ற குழந்தைத் தொடர்களை ஹாஸ்பிரோ தன்னிடமே வைத்துக்கொண்டது என்பதையும், இடையில் 2020-இன் பெருந்தொற்று படப்பிடிப்புகளை முடக்கியது என்பதையும் நியாயம் கருதிச் சொல்ல வேண்டும். இருந்தபோதிலும், அந்த 2023-இல் மட்டும் ஹாஸ்பிரோ இருமுறை ஆட்குறைப்பை அறிவித்தது. ஜனவரியில் சுமார் 1,000 பேர், டிசம்பரில் மேலும் சுமார் 1,100 பேர்.

யானையை வாங்குவது எளிது. தீனி போடுவதுதான் கடினம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பொம்மைக்கு அச்சு வார்த்துவிட்டால் ஒரே மாதிரி இலட்சம் பொம்மைகளை எடுக்கலாம். கதை அப்படிப்பட்ட சரக்கன்று. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க வேண்டும், பலமுறை தோற்க வேண்டும், பொறுமையோடு காத்திருக்க வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை விற்பனைக் கணக்குக் காட்டிப் பழகியவர்களுக்கு அந்தப் பொறுமை வருவதில்லை.

இதில் நமக்கென்ன?

அமெரிக்க நிறுவனங்களின் கொடுக்கல் வாங்கலில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழ் மாணவர்களுக்கு என்ன வேலை? இரண்டு காரணங்களைச் சொல்வேன்.

முதலாவது, பிழைப்பு. அசைவூட்டத் துறை நம் வாசலுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. 2005-இல் லூக்காஸ்ஃபிலிம் சிங்கப்பூரில் தன் படக்கூடத்தைத் திறந்தது. 2012-இல் டிஸ்னி அந்நிறுவனத்தை வாங்கியது. 2023-இல் சிங்கப்பூர்ப் படக்கூடத்தை மூடுவதாக அறிவிப்பு வந்தது. முன்னூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் பாதிக்கப்பட்டார்கள். உடைமை கைமாறுவது எங்கோ நடக்கலாம். நாற்காலி காலியாவது நம் ஊரில். கணினி வரைகலை, கணக்கியல், சட்டம் என்று நாம் பயிலும் எந்தத் துறையும் இத்தகைய பேரங்களிலிருந்து வெகுதொலைவில் இல்லை.

இரண்டாவது, இதைவிடப் பெரியது, நம் பிள்ளைகள். மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே பயிலும் பிள்ளைகளுக்குத் தம் மொழியில், தம் முகத்தோடு கதை வேண்டும். அந்தக் கதை பொம்மையாக எத்தனை விற்கும் என்பதுதான் முதல் கேள்வி என்றால், பதில் நமக்கு முன்பே தெரியும். எந்தப் பேரங்காடியும் நமக்கென்று ஓர் அலமாரியை ஒதுக்கப் போவதில்லை. அலமாரி கதையை ஆளும் உலகில் சிறிய மொழிகளின் குழந்தைகளே முதலில் விடுபட்டுப் போவார்கள்.

கதை முன்னே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2007-இல் நோன்பு மாதத்தைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்வதற்காகச் சில சிறு பகுதிகளாகத் தொடங்கியது ‘உப்பின் இப்பின்’. ஒரு கம்பத்தின் வாழ்க்கையை உள்ளபடி சொன்னதால் அதில் ராஜுவுக்கும் இடம் கிடைத்தது, முத்துவின் உணவுக்கடைக்கும் இடம் கிடைத்தது. ராஜுவின் பொம்மை எத்தனை விற்கும் என்று கணக்குப் பார்த்து அவனைச் சேர்த்திருக்கமாட்டார்கள். கம்பத்தில் அவன் இருந்தான்; கதையிலும் இருந்தான். பாத்திரங்களின் பெயரில் பொருள்கள் விற்பனைக்கு வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆகவே, நம்மால் ஆகக்கூடியவை சில உண்டு. நம்மில் வரையத் தெரிந்தவர்களும் எழுதத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். நம் மொழியில் ஒரு பாத்திரத்தைப் படைப்பவர், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அப்பாத்திரத்தின் உரிமை யாரிடம் போகிறது என்று படித்துப் பார்க்கட்டும். பொம்மை செய்ய உரிமம் கொடுக்கலாம். அதில் தவறில்லை, வருவாயும் வேண்டும்தான். பாத்திரம் வாழ்வதா சாவதா என்று முடிவு செய்யும் அதிகாரத்தை மட்டும் விற்றுவிட வேண்டாம். சட்டம் பயிலும் நண்பர்கள் இதில் அவர்களுக்குத் துணை நிற்கட்டும். பெற்றோராகப் போகிற நாம், பெட்டிக்குள் கதையோடு அடைத்து விற்கப்படும் பொம்மைகளை வாங்கும்போது, மரப்பாச்சியையும் நினைத்துக்கொள்வோம். அதற்கென்று யாரும் கதை எழுதி வைக்கவில்லை. எடுத்து விளையாடிய ஒவ்வொரு குழந்தையும் தானே ஒரு கதையைச் சொல்லிக்கொண்டது.

கடைக்காரர் கடையை நடத்தட்டும். கதை சொல்லியிடம் வந்து, “உன் கதையிலிருந்து ஒரு பொம்மை செய்து விற்கலாமா?” என்று அவர் கேட்கட்டும். “என் பொம்மைக்கு ஏற்றபடி ஒரு கதை சொல்” என்று ஆணையிடும் நிலை மட்டும் வர வேண்டாம். 2014 நவம்பரில் அந்தப் பேரம் முறிந்தது நல்லதற்கே என்பது என் துணிபு.